குடும்பத்தோடு கனூ பயணம்: பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிகளுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

கனூ என்ற ஒடுக்கமான துடுப்புப் படகில் பயணம் என்றதும் எல்லோருக்கும் வரும் கவலை, துடுப்பு போடத் தெரியாதே என்பதுதான். அது அரை மணி நேரத்தில் ஓரளவு பழகிவிடும். ஆளை வாட்டுவது போர்ட்டேஜ். ஓர் ஏரி முடிந்த இடத்தில் கரையேறி, படகையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து, காட்டுப் பாதையில் நடந்து அடுத்த ஏரியில் இறங்க வேண்டும். முதல் தடவை நாங்கள் ஏழு பை, இரண்டு வாளி, கையில் தொங்கும் நாற்காலிகள் என்று போய் நின்றோம். வெறும் 150 மீட்டர் பாதை, ஐந்து நடை ஆனது. அதனால் கீழே சொல்வதெல்லாம் போர்ட்டேஜை மனதில் வைத்துத்தான்.

படி 1: அனுமதியும் பாதையும்

பவுண்டரி வாட்டர்ஸ் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிக் கிடக்கும் காடு. 10 லட்சம் ஏக்கருக்கு மேல் பரப்பு, ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்குவதற்கு, குறிப்பிட்ட நுழைவிடத்துக்கும் தேதிக்கும் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். ஒரு குழுவில் 9 பேர், 4 படகு. அதற்கு மேல் கூடாது. முகாமிடங்களுக்கு முன்பதிவு கிடையாது, முதலில் போகிறவருக்கே இடம். ஆகவே மதியத்துக்குள் இடம் பிடிப்பது போலத் திட்டமிடுங்கள். ஜூனில் கொசு பிய்த்து எடுத்துவிடும். பிள்ளைகளோடு என்றால் ஆகஸ்டின் பின்பாதியைத்தான் சொல்வேன்.

அங்கே வரைபடங்களில் போர்ட்டேஜ் நீளத்தை 'ராட்' கணக்கில் போட்டிருப்பார்கள். ஒரு ராட் 16.5 அடி, ஏறக்குறைய ஒரு கனூவின் நீளம். 320 ராட் ஒரு மைல். முதல் பயணத்தில் ஒரு நாளைக்கு மொத்தம் 100 ராட் தாண்டாதீர்கள். சாபில் ஏரியிலிருந்து ஆல்ட்டன் ஏரிக்கு 30 ராட்தான். தொடங்க நல்ல இடம்.

படி 2: படகு

வாடகைக்கு எடுங்கள். அலுமினியப் படகு 30 கிலோவைத் தாண்டும். கெவ்லார் என்ற லேசான இழையால் செய்த படகு 20 கிலோ அளவில் இருக்கும், வாடகை கூடுதல். நான் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்க மாட்டேன். பெரியவர்கள் இருவர், சிறு பிள்ளைகள் இருவர் என்றால் மூன்று இருக்கை உள்ள பெரிய கனூவே போதலாம். வாடகைக்குத் தருபவரிடம் எல்லோருடைய எடையையும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று. 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதைப் போட்டிருக்க வேண்டும் என்பது மின்னசோட்டா சட்டம். பெரியவர்களும் கழற்றாதீர்கள். அந்த ஏரிகளின் குளிர்ச்சி, நீச்சல் தெரிந்தவரையும் திணறடிக்கும்.

படி 3: மூட்டை

கணக்கு எளிது. பெரியவர் இருவர், ஆளுக்கு இரண்டு சுமை. மொத்தம் நான்கு: படகு ஒன்று, பெரிய முதுகுப்பை மூன்று. ஒரு சுமையோடு போய், வெறுங்கையோடு திரும்பி, அடுத்த சுமையோடு மறுபடி போக வேண்டும். 30 ராட் பாதையில் நீங்கள் நடப்பது 90 ராட்.

நான்கு சுமைக்குள் அடங்காதது வீட்டிலேயே இருக்கட்டும். தகர டின்னில் அடைத்த உணவும் கண்ணாடிப் பாட்டில்களும் எப்படியும் அங்கே தடை. அரிசி, பருப்பு, ஓட்ஸ் போல உலர்ந்தவையாக எடுங்கள். தண்ணீர் சுமக்க வேண்டாம். ஏரியிலேயே எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்தோ, தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஃபில்டரில் வடிகட்டியோ குடிக்கலாம். உடைகளையும் தூக்கப் பையையும் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். கையில் எதுவும் தொங்கக் கூடாது. எங்கள் ஐந்து நடைக்குக் காரணம் கனமான பைகள் அல்ல, இந்தத் தொங்கல்கள்தான்.

படி 4: துடுப்பு

படகைத் திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை. முன்னால் இருப்பவர் சீராகத் துடுப்பு வலித்தால் போதும். இருவரும் எதிரெதிர்ப் பக்கம். அப்படியும் படகு ஒரு பக்கமாகவே ஒதுங்கும். அப்போது பின்னால் இருப்பவர் ஒவ்வொரு தடவை துடுப்பு வலித்து முடிக்கும்போதும் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி பிடியைத் திருப்பி, துடுப்பைப் படகிலிருந்து வெளிப்பக்கமாக லேசாகத் தள்ளினால் நேராகும். இதுதான் ஜே ஸ்ட்ரோக். வரவில்லையா, 'மாற்று' என்று குரல் கொடுத்து இருவரும் பக்கம் மாறுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

படி 5: போர்ட்டேஜ்

கரைக்கு வந்ததும் படகைப் பாறையில் மோதவிடாதீர்கள். முழங்கால் தண்ணீரில் இறங்கிவிடுங்கள். காலணி நனையத்தான் செய்யும். பொருட்களை உடனே பாதையின் ஓரத்துக்கு நகர்த்துங்கள், பின்னால் வருகிறவர்களுக்கும் இடம் வேண்டும்.

படகை ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கும் வித்தை இப்போது வேண்டாம். கவிழ்த்து, பின்முனை தரையில் இருக்க, ஒருவர் முன்முனையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்கட்டும். மற்றவர் அடியில் புகுந்து, நடுவில் உள்ள குறுக்குச் சட்டத்தின் பஞ்சுத் திண்டுகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, எடை சமமானதும் 'சரி' என்று சொல்ல, முதலாமவர் கையை எடுக்கலாம். முன்முனையைக் கொஞ்சம் உயர்த்தினால் பாதை தெரியும். பாறையும் வேரும் வழுக்கும், அவசரம் வேண்டாம். விலங்குகளின் ரோமத் தோல் வணிகம் நடந்த காலத்தில், அந்தச் சரக்கைக் கனூவில் கொண்டுபோன வோயாஜர் என்ற படகோட்டிகள் 90 பவுண்டு மூட்டையை இரண்டிரண்டாகச் சுமந்து இப்படிப்பட்ட பாதைகளில் போனார்களாம். நமக்கு ஒன்று போதும்.

பிள்ளைகளுக்குத் துடுப்புகளைக் கொடுங்கள். அவர்களைத் தனியாக முன்னே விடாமல், பையோடு போகும் பெரியவரோடு சேர்த்து அனுப்புங்கள். கிளம்பும் முன் ஒரு தடவை எல்லாவற்றையும் எண்ணுங்கள். எங்கள் மகளின் தொப்பி இன்னும் ஏதோ ஒரு கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும்.

படி 6: காற்று

காலை ஆறேழு மணிக்குக் கண்ணாடிபோல் கிடக்கும் ஏரி, மதியத்துக்குள் வெள்ளை நுரை கட்டிவிடலாம். பெரிய ஏரிகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள், கரையை ஒட்டியே போங்கள். அலை வந்தால் பக்கவாட்டைக் காட்டாமல், முன்முனை சற்றுச் சாய்வாக அலையைச் சந்திக்கும்படி போங்கள். எழுந்து நிற்கவே கூடாது, மண்டியிட்டால் படகு அவ்வளவாக ஆடாது. இடி கேட்டால் கரைக்குப் போய்விடுங்கள்.

படி 7: முகாம்

குறிக்கப்பட்ட முகாமிடங்களில் மட்டுமே தங்கலாம். இரும்பு அடுப்புச் சட்டமும் காட்டுக்குள் ஒரு கழிப்பறையும் இருக்கும். உணவு, பற்பசை, குப்பை எல்லாம் ஒரே பையில். கரடி திறக்க முடியாத கலத்தில் வையுங்கள், அல்லது தரையிலிருந்து 12 அடி உயரத்தில், அடிமரத்திலிருந்து 6 அடி தள்ளித் தொங்கவிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே கயிறு போடுங்கள். இருட்டில் கிளையைக் குறிபார்த்துக் கல் எறிவது குடும்பச் சண்டையில்தான் முடியும்.

இரவில் லூன் பறவை ஏரி நடுவிலிருந்து நீளமாக ஊளையிடும். பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் ஓநாய் என்று நான்கு பேரும் ஒரே தூக்கப் பைக்குள் வந்துவிடுவீர்கள். அப்புறம், மறுநாளே கூடாரத்தைப் பிரிக்காதீர்கள். அங்கேயே இரண்டு இரவு தங்குங்கள். பைகளை விட்டுவிட்டு வெறும் படகோடு சுற்றினால், அன்றைய போர்ட்டேஜ் ஒரே நடை.