குறுங்குடல் நோய்: வீட்டில் கவனிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரியவர் ஒருவரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. அதில் 2 மீட்டருக்கும் குறைவாகவே எஞ்சி, உண்பதும் குடிப்பதும் உடம்பில் ஒட்டாமல் போகும் நிலையே குறுங்குடல் நோய். குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகல், பிறவிக் குடலடைப்பு, குடல் முறுக்கு ஆகியவற்றாலும், பெரியவர்களுக்குக் குடலின் ரத்தக்குழாய் அடைபடுவதாலும், குடலில் நாட்பட்ட அழற்சி உண்டாக்கும் குரோன் நோய்க்கான அறுவைகளாலும் இது வருகிறது. தாய் கர்ப்பக் காலத்தில் எதையோ தின்றதுதான் காரணம் என்று அவள்மீது பழி போடுவதில் எந்த நியாயமும் இல்லை.

வீடு திரும்பும் முன், எத்தனை சென்டிமீட்டர் குடல் மிச்சம், சிறுகுடலின் கடைசிப் பகுதி இருக்கிறதா, பெருங்குடல் இணைந்திருக்கிறதா என்று அறுவை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசிப் பகுதி போயிருந்தால் வைட்டமின் பி12 ஊசி தொடர்ந்து தேவைப்படலாம்.

குடிப்பதில்தான் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. என் தம்பியைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அழைத்து வந்த முதல் வாரத்தில், அவன் தாகம் என்றபோதெல்லாம் செம்பு செம்பாகத் தண்ணீர் கொடுத்தோம். குடல் கழிவைச் சேகரிக்க வயிற்றில் ஒட்டிய பை நிறைந்துகொண்டே இருந்தது, நாக்கோ வறண்டுகொண்டே போனது. உப்பில்லாத நீர் உள்ளே போனால், குறுகிய குடல் உடலின் உப்பையும் நீரையும் அதில் கசியவிட்டு வெளியேற்றிவிடும். இளநீரிலும் சோடியம் குறைவு. பார்க்க வருபவர்கள் அன்போடு கொண்டுவரும் மாம்பழச் சாற்றின் சர்க்கரையோ நீரை இன்னும் இழுக்கும். மருத்துவர் சொன்ன அளவில் கரைத்த ஓஆர்எஸ் கரைசலை நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பருகக் கொடுங்கள். நம் ஊர் ஜவ்வரிசியை உப்பிட்டுக் குழைய வேகவைத்துக் கொடுத்தால், பையில் இறங்குவது சற்றுக் கெட்டிப்படும்.

ரத்தக்குழாய் வழியே ஊட்டம் ஏற்றும் குழாய் உள்ளவருக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே அவசரநிலை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகளும் பனிமூட்டமும் இருப்பதால், எங்களைப் போல மலையில் வசிப்பவர்கள் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

எஞ்சிய குடல் தன்னைப் பழக்கிக்கொள்ள ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும். குழந்தைகளுக்கு அதற்கு மேலும் ஆகலாம். அத்தனை நாளும் ஒருவரே கண்விழிக்க முடியாது. ஆகவே குழாய் பராமரிப்பையும் பை மாற்றுவதையும் வீட்டில் இருவராவது செவிலியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் எது அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேளுங்கள். எடை, சிறுநீர், பையில் சேர்ந்த அளவு மூன்றையும் ஒரே நோட்டில் தினமும் எழுதி, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.