குர்ஆன் எழுத்துக்கலை பழக நாணல் கலம் சீவுவது எப்படி?

தங்கத்தாள், விலை உயர்ந்த மை எல்லாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முதலில் கலம், அதாவது நாணல் பேனா, சீவக் கற்றுக்கொள்ளுங்கள். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் எழுத்துக்கலைஞர் இப்னு முக்லா வகுத்த முறைப்படி எல்லா அளவும் பேனா முனையிலிருந்துதான் வருகிறது. முனையை வைத்து இழுத்தால் விழும் சாய்சதுரப் புள்ளி, அதாவது நுக்தா, அதுதான் அளவுகோல். ஸுலுஸ் என்னும் அரபு எழுத்து வகையில் முதல் எழுத்தான அலிஃபின் உயரம் பொதுவாக 7 நுக்தா. முனை சரியில்லை என்றால் அலிஃபும் சரியாக வராது.

1. நன்றாகக் காய்ந்த, கெட்டியான நாணல் எடுங்கள். ஈரானின் திஸ்ஃபூல் நாணல்தான் என் விருப்பம். பொடி எழுத்துக்கு ஜாவாவின் பனைநார்க் கலம் அருமையானது, ஆனால் தொடக்கத்தில் வேண்டாம்.

2. ஒரு முனையை நீளமாகச் சாய்த்துச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றைச் சுரண்டிவிட்டு, இரண்டு பக்கமும் செதுக்கி 3 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள்.

3. நடுவில் நீளவாக்கில் ஒரு பிளவு. மை இறங்கும் வழி இதுதான்.

4. கடைசி வெட்டு. பலரும் தடுமாறுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். கத்தியை முன்னும் பின்னும் அறுக்கக் கூடாது, அறுத்தால் முனை பிசிறு தட்டிவிடும். கலத்தை மக்தா என்னும் எலும்புப் பலகையில் வைத்து (கெட்டியான பிளாஸ்டிக் துண்டும் போதும்), கத்தியைச் சாய்வாக நிறுத்தி ஒரே அழுத்து, 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். எவ்வளவு சாய்வு என்பது எழுத்து வகைக்கு வகை மாறும், ஆகவே உங்கள் ஆசிரியரின் கலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தே வெட்டுங்கள். இந்தச் சாய்வு வெட்டை நிலைநிறுத்தியவர் 1298இல் மறைந்த எழுத்துக்கலைஞர் யாகூத் அல் முஸ்தஃஸிமி. எழுத்தில் தடிமனும் மெலிவும் அழகாக மாறிமாறி வருவதற்கு இதுவே காரணம்.

5. வழவழப்பான காகிதத்தில் வரிசையாக நுக்தா போட்டுப் பாருங்கள். நான்கு ஓரமும் கூர்மையாக விழுந்தால் சரி. சாதாரண நோட்டுத்தாள் மையை உறிஞ்சிவிடும், அதில் சோதிக்காதீர்கள்.

பிற்சேர்க்கை: மை சொட்டுச் சொட்டாக விழுகிறது என்று கருத்துகளில் பலர் எழுதியிருந்தீர்கள். கலத்தில் குறை இல்லை, மைக்கூட்டில் லீக்கா, அதாவது மையைப் பிடித்து வைக்கும் பட்டு இழை, இல்லை. கொஞ்சம் கச்சாப் பட்டு இழையை மைக்குள் போட்டு ஊறவிட்டு, கலத்தை அதன்மேல் லேசாக ஒற்றி எடுங்கள். மை புகைக்கரியும் பிசினும் சேர்ந்ததாக இருக்கட்டும். ஃபவுண்டன் பேனா மை நீர்த்துப்போய்ப் பரவும்.