முதல் மாதம் எங்கே தங்குவது? கோலாலம்பூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வேலை உறுதியாகிவிட்டது, பயணச்சீட்டும் வாங்கியாயிற்று. ஒரு வருட ஒப்பந்தத்தில் வீடு பிடிக்கும்வரை தங்க ஓர் இடம் வேண்டும். இந்த நேரத்தில் பலரும் நாங்கள் செய்ததையே செய்கிறார்கள். மொட்டைமாடியில் நீச்சல் குளம், ஜன்னலில் இரட்டைக் கோபுரம். அந்தப் படத்தைப் பார்த்ததும் பணம் கட்டிவிடுவது. எங்கள் விஷயத்தில் படம் பொய் சொல்லவில்லை. குளம் இருந்தது, கோபுரமும் தெரிந்தது. ஆனால் வாசலில் இறங்கினால் நெடுஞ்சாலை. அதற்கு அந்தப் பக்கம் ரயில் நிலையம் கண்ணுக்குத் தெரிகிறது, நடந்து போக வழி இல்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பால் வாங்கக்கூட கிராப் கார் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) கூப்பிட வேண்டியிருந்தது. பத்தாம் நாள், கட்டிய வாடகையை விட்டுவிட்டு பிரிக்பீல்ட்ஸுக்கு மாறினோம்.

முதல் மாத வீடு, அடுத்த வீட்டைத் தேடுவதற்கான வீடு. அங்கிருந்து எந்தத் திசைக்கும் ரயிலில் போய்வர முடிய வேண்டும். கீழே இறங்கினால் சோறு கிடைக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அறை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை என்றுதான் யார் கேட்டாலும் சொல்கிறேன்.

வரைபடத்தில் "நிலையத்திலிருந்து 400 மீட்டர்" என்று இருப்பதை அப்படியே நம்பாதீர்கள். இது கார்களுக்காகக் கட்டப்பட்ட ஊர். நடுவில் ஒரு நெடுஞ்சாலையோ ஆறோ வந்துவிட்டால் 400 மீட்டர் இரண்டு கிலோமீட்டராகிவிடும். செயலியில் நடந்து போகும் வழியைப் போட்டு, அந்தத் தெருவின் படங்களையும் பாருங்கள். நடைபாதை இருக்கிறதா, நடைமேம்பாலம் இருக்கிறதா, கூரை போட்ட பாதையா? கூரை ஆடம்பரமில்லை. பிற்பகல் தாண்டினால் இடியோடு மழை கொட்டும் ஊர் இது; வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கும் நேரமும் அதுதான். இன்னொன்று, இங்கே சூரியன் உதிக்கவே காலை ஏழு மணி ஆகும். நம் ஊரைவிடக் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆறரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவர் இருட்டில்தான் நடக்க வேண்டும். நடக்கும்போது கைப்பை சாலைப் பக்கம் தொங்க வேண்டாம். மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துப்போவது இங்கே புதிதில்லை.

இனி வட்டாரங்கள். புதிதாக வரும் தமிழர்களுக்கு நான் முதலில் சொல்வது பிரிக்பீல்ட்ஸ். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோலாலம்பூரைச் செங்கல்லால் திரும்பக் கட்டியபோது சூளைகள் இருந்த இடம். பிறகு ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் வந்தன, அவர்களோடு தமிழ்நாட்டுத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் வந்தார்கள். பெரிய தெருவுக்கு ஜாலான் துன் சம்பந்தன் என்று பெயர்; ஜாலான் என்றால் சாலை. மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர் சம்பந்தன். ஜாலான் ஸ்காட்டில் யாழ்ப்பாணத்தார் கட்டிய கந்தசுவாமி கோயில் இருக்கிறது. வாழை இலைச் சாப்பாடு, மளிகை, பூக்கடை, தையல்கடை எல்லாம் நடக்கும் தூரம். "பசியாறிட்டீங்களா?" என்று கடைக்காரர் கேட்பார். இங்கே காலை உணவுக்குப் பெயரே பசியாறல். அந்த ஒரு சொல்லைக் கேட்ட காலை, வந்ததிலிருந்து இருந்த பதற்றம் எனக்குப் பாதி இறங்கியது.

பக்கத்திலேயே கே.எல். சென்ட்ரல் என்ற பெரிய ரயில் நிலையம். எல்.ஆர்.டி. என்ற இலகு ரயில், கே.டி.எம். கொம்யூட்டர் என்ற புறநகர் ரயில், விமான நிலைய ரயில் மூன்றும் அங்கே வரும். மோனோரயில் நிலையத்துக்கு நு சென்ட்ரல் வணிக வளாகத்தின் வழியாகப் போகலாம், எம்.ஆர்.டி. என்ற மெட்ரோ ரயிலுக்கு மியூசியம் நெகாரா நிலையம்வரை இணைப்பு நடைபாதை உண்டு. வீடு தேடி அலையப்போகிறவருக்கு இதைவிட வசதியான புள்ளி நகரத்தில் இல்லை. குறைகளும் உண்டு. மாலையில் சாலை முழுக்க வாகனம், இரவு வெகுநேரம்வரை சத்தம், பழைய கடைவீடுகளின் மாடியில் சில அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. பதிவு செய்யும் முன் "ஜன்னல் வெளிப்பக்கம் திறக்குமா?" என்று எழுதிக் கேளுங்கள்.

மஸ்ஜித் இந்தியா, லெபோ அம்பாங் பக்கம் இன்னொரு தமிழ் வட்டாரம். 1863இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலிலிருந்து வந்த பெயர் அது. லெபோ அம்பாங் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த தெரு. 1873இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயிலும் நடக்கும் தூரத்தில்தான். மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எல்.ஆர்.டி. தடங்கள் சந்திக்கின்றன. தனியாக வருபவருக்கு நல்ல இடம். சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்குச் சொல்ல மாட்டேன்: கடைகள் மூடிய பிறகு சில சந்துகள் வெறிச்சோடிவிடும், விளையாட இடமும் குறைவு.

குடும்பத்துக்கு நான் அதிகம் சொல்வது செந்தூல். ரயில்வே பட்டறையைச் சுற்றி வளர்ந்த ஊர், தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழும் இடம். கொண்டோ எனப்படும் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைய வந்திருக்கின்றன. அதே அளவு அறை நகர மையத்தைவிட இங்கே மலிவாகக் கிடைக்கும். செந்தூல் எல்.ஆர்.டி.யிலிருந்து மஸ்ஜித் ஜாமெக் ஐந்தாவது நிறுத்தம். ஒரு எச்சரிக்கை: செந்தூல் என்ற பெயரில் எல்.ஆர்.டி. நிலையமும் உண்டு, கே.டி.எம். நிலையமும் உண்டு, இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. "செந்தூல் நிலையம் அருகில்" என்று போட்டிருந்தால் எது என்று கேளுங்கள். கே.டி.எம். ரயில் பத்துமலைக்கு நேரே போகும், ஆனால் அடிக்கடி வராது. தைப்பூசத்தை ஒட்டி வருகிறீர்களா? மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் ஜாலான் ஈப்போ வழியாகத்தான் பத்துமலைக்குப் போகும். அந்த நாட்களில் சாலைகள் அடைபடும், அறை வாடகையும் ஏறும். ஆனாலும் அந்த இரவில் ரதத்தோடு நடக்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

புக்கிட் பிந்தாங் நாலு நாள் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு. மொண்ட் கியாரா அழகானது, வெளிநாட்டவர் நிறையப் பேர் இருக்கும் இடம், கார் இல்லாமல் சிரமம். நகரத்துக்கு வெளியே, ஐ.டி. நிறுவனங்கள் இருக்கும் சைபர்ஜெயாவில் வேலை என்றால் அங்கேயே தங்கத் தோன்றும். எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடம் 2023 மார்ச்சில் முழுதாகத் திறந்த பிறகு நகரத்திலிருந்தே போய்வரலாம். முதல் மாதத்தை அந்த அமைதியில் கழித்தால் நகரம் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

வட்டாரம் முடிவானதும் கட்டடத்தைப் பற்றி விசாரியுங்கள். கொண்டோவின் நிர்வாகக் குழு குறுகிய கால வாடகையைத் தடை செய்யலாம் என்று 2020இல் மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தடை இருக்கும் கட்டடத்திலும் சிலர் ரகசியமாக அறை விடுகிறார்கள். "காவலாளி கேட்டால் என் சொந்தக்காரர் என்று சொல்லுங்கள்" என்று வீட்டுக்காரர் செய்தி அனுப்பினால் அந்த இடமே வேண்டாம். நள்ளிரவில் பெட்டியும் குழந்தையுமாக வாசலில் நிற்பது நீங்கள்தான்.

சமையலையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். பல அறைகளில் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றுதான் இருக்கும், வெந்நீர் வைக்கப் போதும், முழுச் சமையலுக்குப் போதாது. "லேசான சமையல் மட்டும்" என்று எழுதியிருந்தால் மீன் குழம்பு கூடாது என்று பொருள். வீட்டில் சமைக்காமல் முடியாது என்றால் தனிச் சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள். மின்செருகி இங்கே சதுரமான மூன்று முள் உள்ளது, ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்சியின் பிளக் பொருந்தாது. அடாப்டர் வாங்கி வாருங்கள்.

செலவில் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வெளிநாட்டவருக்குச் சுற்றுலா வரி ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட், 30 இரவுக்கு 300. இங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள், குழம்ப வேண்டாம். விமான நிலைய விரைவு ரயில் கே.எல். சென்ட்ரலுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம், பெரியவர் ஒருவருக்கு 55 ரிங்கிட். தனியாளுக்குச் சரி, குடும்பமாக வந்தால் கிராப் காரே மலிவு.

கடைசியாக, சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று. ஒரு வருட வீடு தேடும்போது "இந்தியருக்கு இல்லை" என்ற பதிலைக் கேட்க நேரும். சில விளம்பரங்களில் எந்த இனத்தார் வேண்டும் என்றே எழுதியிருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களும் இதை அனுபவிக்கிறார்கள். தவறு உங்களிடம் இல்லை. ஆனால் இதனால் வீடு கிடைக்க நாளாகும், ஒரு வாரத்தில் முடியாது. அதனால்தான் தற்காலிக இடத்தை முழு மாதத்துக்கு எடுக்கச் சொல்கிறேன். அவசரத்தில் கிடைத்ததற்கெல்லாம் முன்பணம் கொடுக்கக் கூடாது. பொதுவாக இரண்டு மாத வாடகை டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத டெபாசிட், முதல் மாத வாடகை என்று கேட்பார்கள். 2,000 ரிங்கிட் வீட்டுக்குக் கையில் 7,000 வேண்டும். வீட்டை நேரில் பார்க்காமல் எந்தக் கணக்குக்கும் அனுப்பாதீர்கள்.

எங்களுக்கு ஐந்து வீட்டுக்காரர்கள் தொலைபேசியிலேயே மறுத்தார்கள். ஆறாவது வீடு விளம்பரத்தில் வந்ததில்லை. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் தினம் பசியாறப் போன கடையில், பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா என் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டே விசாரித்தார். அவருடைய அத்தை வீட்டில் மேல்மாடி காலியாக இருந்தது. "ஆளப் பாக்காம என்னத்த முடிவு பண்றது, நேர்ல வாங்கம்மா" என்றார் அந்த அத்தை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். நான்கு வருடம் அந்த வீட்டில்தான் இருந்தோம்.