"இயற்கை அனர்த்தத்துக்கு நாங்கள் என்ன செய்வது?": முதியோர் இல்லங்களும் குடும்பங்களும் விடும் தவறுகள்

கொழும்பில் முதியோர் இல்லம் நடத்துபவர்களிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் இந்தத் தலைப்பில் இருக்கும் கேள்விதான் பதிலாக வரும். பெற்றோரை அங்கே விட்டுவிட்டு ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகளும் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். புதுக்கடை நீதிமன்றங்களில் அந்தப் பதிலுக்கு அவ்வளவு மரியாதை கிடைப்பதில்லை.

இலங்கையில் கவனயீனத்துக்கான நட்டஈட்டை ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ரோமன்-டச்சுச் சட்டமே ஆள்கிறது. சாதாரண நிதானமுள்ள ஒருவரால் முன்கூட்டி உணரவோ தவிர்க்கவோ முடியாத நிகழ்வு என்றால் மட்டுமே பொறுப்பு விலகும். மழை பெய்தது யாருடைய குற்றமும் இல்லைதான். ஆனால் மழை பெய்யும் என்று தெரிந்த பிறகு, நடக்க முடியாத எண்பது வயதுக்காரரைத் தரைத்தளக் கட்டிலிலேயே விட்டுவைத்தது யார் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

களனி ஆறு சொல்லாமல் கொள்ளாமல் வருவதில்லை. நோர்வூட்டிலும் கித்துல்கலையிலும் தெரணியகலையிலும் கொட்டும் மழை, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல ஆகிய இடங்களைக் கடந்துதான் கொழும்பு நாகலகம் வீதியை அடைகிறது. வழிநெடுக நீர்மட்டத்தை அளந்து நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடுகிறது. 2016 மே மாதம் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கின. 2025 நவம்பரில் டித்வா புயலோடு ஆறு மறுபடியும் கரையை மீறியது. இதையெல்லாம் பார்த்த ஊரில், ஆற்றுக்கு அண்மையில் இல்லம் நடத்தும் ஒருவர் "எதிர்பார்க்கவில்லை" என்று சாட்சிக் கூண்டில் சொல்வது எளிதல்ல. நகருக்குள்ளேயே பெய்த மழை வடியாமல் ஏறும் வெள்ளம் வேறு வகை. 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட வெள்ளத்துக்கு அவகாசம் குறைவு என்பதால் இல்லத்தின் வாதம் சற்று நிமிர்ந்து நிற்கும். அதே வீட்டில் இரண்டாவது தடவை ஏறினால் அந்த வாதமும் உட்கார்ந்துவிடும்.

அடுத்த தவறு, "வெளியேறுங்கள்" என்று யாராவது வந்து சொல்லட்டும் எனக் காத்திருப்பது. 2016 ஆகஸ்டில் ஜப்பானின் இவாய்சுமி என்ற ஊரில், லயன்ராக் சூறாவளியால் பெருகிய ஆறு ஒரு முதியோர் இல்லத்துக்குள் புகுந்து 9 பேர் இறந்தார்கள். வெளியேற ஆயத்தமாகும்படி ஊராட்சி அதற்கு முன்பே அறிவித்திருந்தது. முதியவர்களும் நோயாளிகளும் அந்தக் கட்டத்திலேயே புறப்பட்டுவிட வேண்டும் என்பது அதன் உட்பொருள். இல்லத்தில் இருந்தவர்களோ, "ஆயத்தம்தானே, இன்னும் நேரம் இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசெம்பரில் ஜப்பான் அரசு அந்த அறிவிப்பின் பெயரையே மாற்றி, முதியோர் வெளியேறத் தொடங்க வேண்டும் என்பதை அதிலேயே சேர்த்தது.

இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். இல்லத்தில் 20 பேர். அதில் 8 பேர் படுத்த படுக்கை. இரவுப் பணியில் இரண்டு பெண்கள். ஒருவரைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோக இருவரும் வேண்டும், பத்து நிமிடமாவது ஆகும். எட்டுப் பேருக்கு 80 நிமிடம், அதுவும் யாரும் பயந்து கத்தாமல், மின்சாரமும் போகாமல் இருந்தால். முழங்கால் அளவு தண்ணீரில் இந்தக் கணக்கு எங்கே நிற்கும்? அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கலாம், அழைக்கத்தான் வேண்டும். ஆனால் படகு வரும்வரை அந்த எட்டுப் பேரையும் பார்த்துக்கொள்ளும் கடமை இல்லத்துடையதுதான்.

தண்ணீரை மட்டுமே ஆபத்தாக நினைப்பது, என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. 2017 செப்டெம்பரில் இர்மா சூறாவளி புளோரிடாவைத் தாக்கியபோது, ஹொலிவூட் நகரிலிருந்த ஒரு பராமரிப்பு இல்லம் வெள்ளத்தில் மூழ்கவில்லை. குளிரூட்டிக்கான மின்சாரம் நின்றது, அவ்வளவுதான். நாட்கணக்கில் ஏறிய வெப்பத்தால் 12 பேர் இறந்தார்கள். கூப்பிடு தூரத்தில் மின்சாரத்தோடு ஒரு பெரிய வைத்தியசாலை இயங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் அந்த மாநிலம், இல்லங்களில் குளிரூட்டலுக்கு மாற்று மின்சாரம் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

கொழும்பில் மின்சாரம் போனால் ஒட்சிசன் இயந்திரம் நிற்கும். படுக்கைப் புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தை தட்டையாகும். குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் இன்சுலின் கெடத் தொடங்கும். வெள்ளவத்தைப் பக்கத்து மாடிக் கட்டடங்களில் நடக்கும் இல்லங்களில் லிப்ட் நின்றால், நான்காம் மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவர் அங்கேயேதான். "எங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறது" என்று சொல்வார்கள். எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் என்றால், முதலில் மூழ்கப்போவது அதுதான்.

கையெழுத்துக்கு வருவோம். என் பெரியம்மாவை ஓர் இல்லத்தில் சேர்த்தபோது ஒரு படிவத்தை நீட்டினார்கள். சட்டம் படித்த நானே வாசிக்காமல் ஒப்பமிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து புரட்டினால், கடைசிக்கு முந்தைய பக்கத்தில், "இயற்கை அனர்த்தம் உட்பட எந்த அசம்பாவிதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி. இந்த வரியைக் காட்டியே பல குடும்பங்களின் வாயை அடைத்துவிடுகிறார்கள். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தின்படி, கவனயீனத்தால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை இப்படி எழுதித் தள்ளிவிட முடியாது. பெரியம்மாவின் சங்கிலியோ வானொலிப் பெட்டியோ வெள்ளத்தில் போனால் அந்த வரி நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயும். உயிர் போனால் அந்த ஆராய்ச்சியே தேவையில்லை, அந்த வரி செல்லாது. இல்லம் நடத்துபவர்களும் இதை அறிந்துகொள்வது நல்லது. அந்த வரியை நம்பிக் காப்புறுதி எடுக்காமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதிவு இருக்கிறதா என்று பார்க்காமல் சேர்ப்பதும் வழக்கமாகிவிட்டது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இல்லங்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது. தாதியரை வைத்துச் சிகிச்சையும் அளிக்கும் இடம் என்றால், 2006ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டமும் பொருந்தக்கூடும். பதிவு இல்லாததால் மட்டும் வழக்கில் வெற்றி கிடைத்துவிடாது. ஆனால் குறுக்கு விசாரணையில் நல்ல தொடக்கமாக இருக்கும்.

மரணம் நேர்ந்த பின் நடக்கும் தவறுகள் வேறு. "பொலிஸில் முறைப்பாடு கொடுத்தாயிற்று, இனி நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்" என்று இருந்துவிடுவது ஒன்று. கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு. ஆனால் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது, நியூ ஓர்லியன்ஸுக்கு அருகில் செயின்ட் ரீட்டா என்ற இல்லத்தில் 35 பேர் மூழ்கி இறந்தார்கள். முதியவர்களை முன்கூட்டியே வெளியேற்றாத உரிமையாளர்களை 2007இல் ஜூரிகள் விடுதலை செய்தார்கள். அரசு கட்டிய வெள்ளத் தடுப்பு அணைகள் உடைந்ததற்கு இவர்கள் என்ன செய்வார்கள் என்பது உரிமையாளர்கள் தரப்பின் வாதங்களில் ஒன்று. நட்டஈட்டு வழக்கு அப்படியல்ல. மாவட்ட நீதிமன்றத்தில் எது கூடுதலாக நம்பத்தக்கது என்று காட்டினால் போதும். இரண்டும் தனித்தனிப் பாதைகள். ஒன்றில் தோற்றதற்காக மற்றதைக் கைவிட வேண்டியதில்லை.

"கூடுதலாக நம்பத்தக்கது" என்பதையும் லேசாக எண்ண வேண்டாம். 2001இல் உயர் நீதிமன்றம் தீர்த்த, பலரும் அறிந்த மருத்துவக் கவனயீன வழக்கில், மகளை இழந்த ஒரு தந்தை தோற்றார். கவனயீனம்தான் மரணத்தை விளைவித்தது என்ற இணைப்பை நிறுவ முடியாமல் போனதே காரணம். முதியவர் விடயத்தில் அந்த இணைப்பு இன்னும் மெல்லியது. "அவருக்கு 84 வயது, இதய நோய், எப்படியும் போயிருப்பார்" என்றுதான் எதிர்த்தரப்பு தொடங்கும். இந்த இடத்தில் நம் குடும்பங்கள் செய்வதை எண்ணினால் மனம் கனக்கிறது. "அம்மாவை அறுக்க வேண்டாம்" என்று கெஞ்சி, பிரேத பரிசோதனை இல்லாமல் உடலைப் பெற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த அறிக்கை இல்லாமல் வழக்கின் பாதி போய்விடுகிறது. மீதிப் பாதி இல்லத்தின் பணிப் பதிவேட்டிலும், மருந்துக் குறிப்பிலும், அன்றிரவு வந்த வட்ஸ்அப் செய்திகளிலும் இருக்கிறது. முதலாவது வாரத்திலேயே அவற்றின் பிரதியைக் கேளுங்கள். ஈரத்தில் போய்விட்டது என்று பிறகு சொல்வார்கள்.

காலமும் காத்திருக்காது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, கவனயீனத்துக்கான நட்டஈட்டு வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அந்தியேட்டி முடியட்டும் என்பார்கள். பிறகு ஆட்டைத் திவசத்துக்கு எல்லோரும் வருவார்கள், அப்போது கதைப்போம் என்பார்கள். வந்தவர்கள் திரும்பிப் போய், தமக்காக வழக்கு நடத்த இங்குள்ள ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோர்னி தத்துவம் அனுப்பி, அது வந்து சேரும்போது இரண்டாவது திவசமும் முடிந்திருக்கும். எழுத்து ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டுகள் உண்டு என்பது உண்மை. அதை நம்பி முதல் வாய்ப்பை விடாதீர்கள். முன்பு உயிரிழப்பால் வந்த பண இழப்பு மட்டுமே கணக்கில் எடுக்கப்பட்டது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த தாயின் சாவுக்கு அந்தக் கணக்கில் என்ன கிடைக்கும்? மரணத்துக்கான நட்டஈடு பற்றிய 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் அந்தக் குறையைத் தீர்க்கவே வந்தது.

கடைசியாக, பிள்ளைகளின் பக்கத் தவறு. வெள்ள எச்சரிக்கை வந்ததும் சில இல்லங்கள் பொறுப்போடு அழைத்து, "இரண்டு நாளைக்கு அம்மாவைக் கூட்டிப்போக முடியுமா?" என்று கேட்கின்றன. கொழும்பில் மதியம் 12 மணி என்றால் நவம்பரில் ரொறன்ரோவில் அதிகாலை 1.30. மகன் தூங்குகிறான். படிவத்தில் வேறு எண் இல்லை. 1968ஆம் ஆண்டின் பங்களிப்புக் கவனயீனச் சட்டத்தை வைத்து, குடும்பத்தின் தவறுக்கும் ஒரு பங்கு போடுங்கள் என்று எதிர்த்தரப்பு கேட்கும். அந்த வாதம் நிற்குமோ விழுமோ, அதற்கு இடம் கொடுப்பானேன்? கொட்டாஞ்சேனையிலோ தெஹிவளையிலோ இருக்கும் ஒரு மச்சாளின் எண்ணையும், அவசரத்தில் அம்மாவை எங்கே மாற்றலாம் என்ற எழுத்துச் சம்மதத்தையும், மருந்துப் பட்டியலையும் ஒரே தாளில் எழுதி, அடுத்த மழைக்கு முன் இல்லத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள்.