நாட்டுச்சக்கரையும் ராகியும் போட்டு ஒரு பழுப்பு இஞ்சி பீர்: ரெண்டு லிட்டர் கணக்கு

வெளிநாட்டில் பிரவுன் ஏல் குடித்துப் பழகியவர்கள் ஊருக்கு வந்தால், அந்த வறுத்த வாசமும் லேசான கசப்பும் கொண்ட பானத்தை வீட்டிலேயே செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். அப்படியே செய்ய முடியாது. ஏல் என்பது முளைகட்டிய பார்லியை 65 டிகிரி அளவில் வெந்நீரில் ஊறவைத்து, மாவுச்சத்தை இனிப்பாக மாற்றி, ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவிட்டு, ஈஸ்ட் சேர்த்து வாரக்கணக்கில் நொதிக்க விடுகிற சமாச்சாரம். அது மதுபானம், 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இங்கே வீட்டில் காய்ச்சக்கூடாது. (அந்தச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்ததே நம்ம சேலத்தில்தான்.) ஆனால் அந்த நிறத்தையும் வாசத்தையும் நுரையையும் மட்டும் இஞ்சி பீர் பக்கமாக, அதாவது இஞ்சியும் சக்கரையும் லேசாக நொதித்து நுரைக்கிற பானத்துக்கு, இழுத்து வரலாம். அதற்கு வேண்டியதெல்லாம் ஈரோட்டுப் பக்கம் மளிகைக் கடையிலேயே கிடைக்கும்.

முதலில் இஞ்சி ஊறல், பானத்தை நொதிக்க வைக்கிற ஈஸ்ட் இதில்தான் வளரும். ஒரு கண்ணாடி ஜாடியில் கொதித்து ஆறிய தண்ணீர் 300 மில்லி, அதில் தோலோடு துருவிய இஞ்சி ஒரு ஸ்பூன், நாட்டுச்சக்கரை ஒரு ஸ்பூன். தோலைச் சீவிவிடாதீர்கள், காட்டு ஈஸ்ட் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுக்கு உதவாது. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலிருக்கும் குளோரின் ஈஸ்டை அமுக்கிவிடும், அதனால்தான் கொதிக்க வைக்கச் சொல்கிறேன். வாயில் வேட்டித்துணி கட்டி, தினமும் அதே அளவு இஞ்சியும் சக்கரையும் சேர்த்து, காலையும் மாலையும் கிளறிவிடுங்கள். சித்திரை வெயிலில் மூன்றாம் நாளே கிளறும்போது புஸ்ஸென்று நுரைக்கும், மார்கழியில் ஐந்தாறு நாள் ஆகலாம். மேலே பூசணம் பிடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். தைப்பொங்கல் சமயத்தில் பச்சை மஞ்சள் கொத்துக் கிடைக்குமே, அதில் ஒரு சின்னத் துண்டையும் தோலோடு துருவிப் போடலாம், நன்றாகவே பொங்கும்.

சக்கரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லம் வேண்டாம். நிறத்துக்காக ஹைட்ரோஸ் போட்டிருக்க வாய்ப்பு அதிகம், கந்தகம் கலந்த அந்த உப்பு மிச்சமிருந்தால் நொதிப்பு மந்தமாகும், நமக்கு வேண்டிய பழுப்பு நிறமும் வராது. கவுந்தப்பாடிப் பக்கம் கிடைக்கிற அடர்ந்த நிறச் சக்கரைதான் சரி. பழனி பஞ்சாமிர்தத்துக்கு சக்கரை போகிற ஊர் அது, தரத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது ராகி. இரண்டு கைப்பிடி ராகியைக் கழுவிக் காயவைத்து, இரும்பு வாணலியில் சிறுதீயில் வறுங்கள். பொரிய ஆரம்பித்து நிறம் கறுக்கும்போது, தீய்ந்த வாசம் வருவதற்குள் இறக்கிவிட வேண்டும். மிக்சியில் ஒரே ஒரு சுற்று, அவ்வளவுதான், மாவாக அரைத்தால் பானம் கூழாகிவிடும். இதை அரை லிட்டர் கொதிநீரில் இருபது நிமிடம் ஊறப்போட்டு, துணியில் பிழியாமல் வடிகட்டுங்கள். இந்த ராகியிலிருந்து நொதிக்கிற இனிப்பு ஒன்றும் வராது, வறுத்த பருப்பு வாசமும் நிறமும்தான் வரும். நொதிப்புக்கான இனிப்பு முழுக்க சக்கரையின் பொறுப்பு.

சரி, இப்போது பெரிய போசியில் ஒரு லிட்டர் தண்ணீர், துருவிய இஞ்சி 50 கிராம், சக்கரை 150 கிராம் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கசப்புக்கு ஹாப்ஸ் இல்லை, ஆனால் காயவைத்த வேப்பம்பூ வீட்டில் இருக்குமே, அதில் ஒரு சிட்டிகை கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும். ஆசைப்பட்டு ஒரு ஸ்பூன் போட்டால் கஷாயம்தான் குடிக்க வேண்டியிருக்கும். வடிகட்டி, ராகித் தண்ணீரைக் கலந்து, ஆறிய தண்ணீர் ஊற்றி இரண்டு லிட்டர் ஆக்குங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே, நன்றாக ஆறிய பிறகுதான் ஒரு எலுமிச்சம்பழச் சாறும் வடிகட்டிய ஊறல் 100 மில்லியும். சூடாக இருக்கும்போது ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும்.

நிரப்புவதற்குக் கூல்டிரிங்ஸ் வந்த பிளாஸ்டிக் பாட்டில் மட்டுமே. கண்ணாடி வேண்டவே வேண்டாம், வெடித்தால் கண்ணுக்கு ஆபத்து. கோலி சோடா பாட்டிலில் ஊற்றலாமா என்று யாராவது கேட்பார்கள், அதை மெஷினில் தலைகீழாகத் திருப்பி, உள்ளே இருக்கிற காற்றழுத்தத்தால் கோலியை வாயில் அடைக்கிறார்கள், வீட்டில் நடக்காது. பிளாஸ்டிக்கில் இன்னொரு வசதி, அமுக்கிப் பார்த்தே அழுத்தம் தெரிந்துவிடும். மேலே இரண்டு விரல்கடை இடம் விட்டு மூடி, வெயில் படாத மூலையில் வையுங்கள்.

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பை அப்படியே நம்பினால் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். அவர்கள் இரண்டு மூன்று நாள் வெளியே வை என்பார்கள், அது 20 டிகிரிக்கான கணக்கு. நம்ம ஊரில் பங்குனி, சித்திரையில் வீட்டுக்குள்ளேயே 35ஐ நெருங்கும்போது 12 மணி நேரமே போதுமானதாக இருக்கும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஆடியில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நாள் பிடிக்கலாம். மணியைப் பார்க்காதீர்கள், பாட்டிலை அமுக்கிப் பாருங்கள். விரல் அமுங்காமல் கல் மாதிரி இருந்தால் உடனே ஃபிரிட்ஜுக்குள். லிட்டருக்கு 8 கிராம் சக்கரை நொதித்தாலே ஏலில் இருக்கிற அளவு நுரை வந்துவிடும், அந்த அளவில் ஆல்கஹால் அரை சதவீதம் போலத்தான். அதைத் தாண்டி வெளியே விட்டுக்கொண்டே போனால் அதுவும் ஏறும், பாட்டிலும் வெடிக்கும். எப்படியும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

ஃபிரிட்ஜிலும் நொதிப்பு மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும், அதனால் ஒரு வாரத்துக்குள் குடித்து முடித்துவிடுங்கள், நடுவில் ஒருமுறை மூடியை லேசாகத் திருகிக் காற்றை விடுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு, தொட்டிக்கு மேலே பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். அடியில் சேர்ந்திருக்கும் வண்டலைக் கலக்காமல் சாய்த்து ஊற்றி, கடைசி ஒரு விரல்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். மிச்ச ஊறலை ஃபிரிட்ஜில் வைத்து வாரம் ஒருமுறை ஒரு ஸ்பூன் இஞ்சியும் சக்கரையும் போட்டு வந்தால் அடுத்த தடவைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டாம், முந்தின நாள் வெளியே எடுத்து வைத்தால் போதும்.