மருந்தியல் குறிப்பைக் குரலில் பதிந்து படிக்க

பாடப்புத்தகத்தை அப்படியே வாசித்துப் பதியாதீர்கள். மூன்றாவது நிமிடத்திலேயே கவனம் கலைந்துவிடும். கேள்வி, இடைவெளி, பதில் என்று பதியுங்கள். "காசநோய் மருந்தான ஐசோநியாசிட் சாப்பிடுபவருக்குப் பாதம் மரத்துப்போகிறது, ஏன்?" என்று கேட்டுவிட்டு 5 விநாடி பேசாமல் இருங்கள். பிறகு: "வைட்டமின் பி6 குறைவு, அந்த வைட்டமினான பைரிடாக்சினைச் சேர்க்க வேண்டும்." கேட்கும்போது அந்த 5 விநாடிக்குள் பதிலை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். படிப்பே அங்கேதான் நடக்கிறது. அடுத்து மற்ற காசநோய் மருந்துகளின் பக்கவிளைவுகள். எத்தாம்பியூட்டால்: பார்வை நரம்பு பாதிப்பு, சிவப்பு-பச்சை நிறக் குழப்பம். ரிஃபாம்பிசின்: ஆரஞ்சு நிறச் சிறுநீர், நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்.

ஒரு கோப்புக்கு ஒரே தலைப்பு, 5 முதல் 7 நிமிடம். ஃபேனை நிறுத்துங்கள். ஃபோனை வாய்க்கு நேராகப் பிடித்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று இடிக்கும். கன்னத்துப் பக்கமாக ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது 'ஹைப்போ' (குறைவு), 'ஹைப்பர்' (கூடுதல்). 1.5 மடங்கு வேகத்தில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். "ஹைப்பர்கலீமியா, பொட்டாசியம் கூடுதல்" என்று பொருளையும் சேர்த்துச் சொல்லுங்கள். மில்லிகிராம், மைக்ரோகிராம் வரும் இடத்தில் அளவை இரண்டு முறை சொல்லுங்கள்.

அன்றிரவு ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை கேளுங்கள். தடுமாறிய கேள்விகளை மட்டும் தனிக் கோப்பாக மறுபடி பதியுங்கள்.

உடற்கூறியல் படங்கள் காதுக்கு ஒத்துவராது. கைக்குச் செல்லும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸை வரைந்தே தீர வேண்டும். வார்டு நோயாளியின் பெயர், படுக்கை எண் எதையும் பதியவே கூடாது.