வீட்டு சோலார் வயரிங்: கடைசித் தவணை கொடுக்கும் முன் மொட்டை மாடியில் என்னென்ன பார்க்க வேண்டும்?

சோலார் போட நினைப்பவர்கள் எல்லோரும் பேனல் எந்த கம்பெனி, மானியம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மத்திய அரசின் சூர்யா கர் மானியத் திட்டத்தில் முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய் வரை வரும் என்பதை விற்பவரே சொல்லிவிடுவார். வயரிங் பற்றி நீங்கள் கேட்டால்தான் பேசுவார். செலவைக் குறைப்பதும் அங்கேதான் நடக்கிறது, ஏனென்றால் நெட் மீட்டர் (ஈ.பி.க்குப் போகும் மின்சாரத்தையும் வரும் மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் மீட்டர்) மாட்டிய பிறகு மாடிக்கு ஏறி யாரும் பார்ப்பதில்லை. அதனால் வேலை நடக்கும் இரண்டு நாளும் வீட்டிலேயே இருங்கள்.

முதலில் ஈ.பி. பக்கம். உங்கள் இணைப்பில் அனுமதித்த லோடு எவ்வளவு என்று பாருங்கள். 2 கிலோவாட் லோடு வைத்துக்கொண்டு 3 கிலோவாட் சோலார் போடுவதாக இருந்தால் லோடையும் ஏற்ற வேண்டியிருக்கும். 10 கிலோவாட் வரைக்கும் தனியாகத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024-இல் மத்திய விதி மாறிவிட்டது. வயரிங்கைச் செய்பவரிடம் மின் ஒப்பந்ததாரர் லைசென்ஸ் இருக்க வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். விதி என்று வந்தால் மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகள், வயரிங்குக்கு ஐ.எஸ். 732, எர்த்திங்குக்கு ஐ.எஸ். 3043 இவைதான் அடிப்படை. கொட்டேஷனிலேயே இவற்றின்படி வேலை செய்வோம் என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

இப்போது மாடிக்கு வருவோம். 3 கிலோவாட் என்றால் 540 வாட் பேனல் ஆறு. ஒன்றுக்கு ஏறக்குறைய 50 வோல்ட், ஆறையும் வரிசையாகக் கோர்த்தால் 300 வோல்ட் டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருவதால் அதில் பொறி எழுந்தாலும் அணைந்துவிட வாய்ப்பு உண்டு, டி.சி.யில் அந்தப் பூஜ்யமே கிடையாது, லூசான ஒரு இணைப்பில் பொறி பிடித்தால் வெயில் இருக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பேனல் ஒயர்கள் வந்து சேரும் டி.சி. பெட்டிக்குள் சாதாரண ஏ.சி. எம்.சி.பி.யை (கோளாறு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) போடவே கூடாது. எங்கள் உறவினர் வீட்டில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். ஒரு நாள் அதை அணைத்தபோது உள்ளேயே உருகி ஒட்டிக்கொண்டது, பெட்டியின் ஒரு பக்கம் கருகிப்போனது. பெட்டியைத் திறந்து பாருங்கள், எம்.சி.பி. மேல் டி.சி. என்றும் உங்கள் வரிசையின் வோல்ட்டுக்கு மேலான எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். சிலவற்றில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும், அவற்றைத் திருப்பி மாட்டினால் பொறியை அணைக்கும் வேலையே நடக்காது. அதே பெட்டியில் இடி, மின்னலால் திடீரென ஏறும் வோல்ட்டைத் தடுக்கும் எஸ்.பி.டி.யும் இருக்க வேண்டும், ஏ.சி. பெட்டியிலும் ஒன்று.

ஒயர் விஷயத்தில் ஐ.எஸ். 17293 முத்திரை உள்ள சோலார் கேபிள் மட்டும் வாங்குங்கள், 4 சதுர மில்லிமீட்டர் போதும். வீட்டுக்குள் ஓடும் சாதாரண ஒயரைப் போட்டால் நம் ஊர் வெயிலில் சில வருடங்களிலேயே மேலுறை வெடித்துவிடும். கேபிள் தரையில் கிடக்கக் கூடாது, மழை நீர் தேங்கும் இடம் அது. பேனல் கேபிள்களை ஒன்றோடொன்று கோர்க்கும் எம்.சி.4 கனெக்டரை அதற்கான கிரிம்பிங் டூலால்தான் அழுத்த வேண்டும், கட்டிங் பிளேயரை எடுத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு கம்பெனியின் ஆண் கனெக்டரோடு வேறு கம்பெனியின் பெண் கனெக்டரைக் கோர்ப்பதும் அப்படித்தான், பொருந்துவது போலத் தெரியும், ஆனால் நாள்பட நாள்பட உள்ளே சூடேறும்.

எர்த்திங்கில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். டி.சி.க்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று எர்த் குழி கேளுங்கள். இடிதாங்கியிலிருந்து இறங்கும் கம்பி தனியாக இறங்க வேண்டும், பேனல் கேபிள் போகும் அதே பைப்பில் அதையும் நுழைத்துவிட்டால் இடி விழும்போது, பேனலின் டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு நாமே வழி காட்டியது போல ஆகிவிடும். அப்புறம் பேனல் ஃபிரேம். அலுமினியத்தின் மேல் இருக்கும் ஆனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் ஸ்டாண்டில் போல்ட் போட்டாயிற்று, எர்த் ஆகிவிட்டது என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் அதற்கென்று இருக்கும் துளையில், பூச்சைக் கீறிப் பிடிக்கும் பல் வாஷரோடு எர்த் ஒயர் இணைந்திருக்க வேண்டும். எர்த் டெஸ்டர் கொண்டுவரச் சொல்லி உங்கள் கண் முன்னாலேயே அளக்கச் சொல்லுங்கள், 5 ஓமுக்குக் கீழே வர வேண்டும்.

ஏ.சி. பக்கம் சுருக்கமாகவே சொல்கிறேன். 3 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 13 ஆம்பியர் ஓடும், 20 ஆம்பியர் எம்.சி.பி. சரியாக இருக்கும். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை தூரம் அதிகம் என்றால் ஒயரைத் தடிமனாகப் போடுங்கள். ஒயர் மெலிந்தால் இன்வெர்ட்டர் முனையில் வோல்ட் ஏறும், 253-ஐத் தாண்டினால் நல்ல உச்சி வெயிலில் அது தானாக நின்றுவிடும், நீங்கள் பேனலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். வீட்டு ஆர்.சி.சி.பி.க்கு (மின்கசிவு வந்தால் அணைக்கும் சுவிட்ச்) பின்னால் இருக்கும் ஏதோ ஒரு பிளக் லைனில் சோலாரைச் சேர்க்க விடாதீர்கள், மெயின் பக்கத்தில் அதற்கென்று தனி எம்.சி.பி. வேண்டும். சோலாரை அணைக்கும் சுவிட்ச் ஈ.பி. ஆட்களின் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும், மீட்டர் பக்கத்தில் "இங்கே சோலார் மின்சாரமும் வருகிறது" என்று தமிழில் ஒரு போர்டு மாட்டுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. வெயில் நன்றாக அடிக்கும்போது ஈ.பி. மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் 2 நொடிக்குள் நிற்க வேண்டும். கரண்ட் போனபோது கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர் இதில்தான் இருக்கிறது. திரும்பப் போட்டால் அது உடனே ஓடாது, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் ஓடும், அது சரிதான். இது முடிந்ததும் பெட்டிகளைத் திறந்தபடியே போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.